மகனின் விளையாட்டு யாருடைய பெயரில் ஓடுகிறது?

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். பகலில் நான் அதில் இரண்டு கடைகளின் கணக்கும் ஊழியர்களின் சம்பள விபரமும் எழுதுகிறேன். பின்னேரத்தில் என் மகன் ரயில் விளையாடுகிறான். வயது 11. வெள்ளவத்தையில் எங்கள் பால்கனியில் நின்றால் கடற்கரைப் பாதையில் ரயில் போவது தெரியும், அதில் பிடித்த பைத்தியம். அவனுக்கென்று விண்டோஸில் ஒரு சாதாரணக் கணக்கு வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்றக்கூடிய நிர்வாகிக் கணக்கு என்னுடையது.

அந்த விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் என் பாஸ்வேர்டைக் கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும். "அம்மா, ஒருக்கா வந்து அடிங்கோ" என்று கூப்பிடுவான். மா குழைத்த கையைக் கழுவிவிட்டு ஓடுவேன். இதைத் தீர்க்க என்னென்ன வழி உண்டு என்று பார்த்து, ஒன்றைத் தெரிவு செய்து, சில மாதங்களாக அதிலேயே இருக்கிறேன். மற்ற வழிகளை ஏன் விட்டேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பாஸ்வேர்டைப் பிள்ளையிடம் சொல்லிவிடுவது, அல்லது அவனையும் நிர்வாகி ஆக்கிவிடுவது முதல் வழி. பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. பிள்ளை தெரியாமல் இறக்கும் எந்தப் புரோகிராமும் கம்ப்யூட்டர் முழுவதிலும் கை வைக்கலாம். நாங்கள் போட்ட நேரக் கட்டுப்பாட்டையும் அவனே எடுத்துவிடலாம். இது வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் நானே போய் அடிப்பது இரண்டாவது. அலைச்சல்தான், ஆனாலும் இதுதான் பாதுகாப்பு என்று மூன்று மாதம் நம்பியிருந்தேன். ஒரு நாள் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கோட்டையிலிருந்து கல்கிசை வரை தான் போட்ட பாதையைத் திறப்பதற்காக விளையாட்டுக்குள் 'லோட்' பொத்தானை அழுத்தினான். ஒரு சிறு ஜன்னல் திறந்தது. அவனுடைய பாதைக்குப் பக்கத்திலேயே கடை ஊழியர்களின் அந்த மாதச் சம்பளப் பட்டியல் இருந்தது. "இது உங்கட ஃபோல்டர்தானே அம்மா?" என்று கேட்டான்.

என்னுடையதுதான். சாதாரணக் கணக்கில் இருக்கும் ஒருவருக்காக அந்தப் பெட்டியில் இன்னொருவரின் பாஸ்வேர்டை அடித்தால், விண்டோஸ் அந்தப் புரோகிராமைப் பாஸ்வேர்டுக்கு உரியவரின் பெயரில் திறக்கிறது. திரை மகனுடையது, ஆனால் உள்ளே விளையாட்டு என் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. நான் திறக்கக்கூடிய எதையும் அது திறக்கும். அவன் சேமித்த பாதைகளும் என் டொகியுமென்ட்ஸில்தான் போய் விழுந்துகொண்டிருந்தன. அந்தச் சிறு ஜன்னலில் வலது கிளிக் செய்தால் ஒரு கோப்பை அழிக்கலாம், பெயரை மாற்றலாம், வேறு புரோகிராமைக்கூடத் திறக்கலாம். 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த இந்தப் பெட்டியை நான் வெறும் பூட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அன்றிலிருந்து எந்த வழியைப் பார்த்தாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: இதில் விளையாட்டு யாருடைய பெயரில் ஓடும்?

மூன்றாவது என் தம்பி சொன்னது. பாஸ்வேர்டைச் சேமித்து வைத்து, அதைக் கொண்டு திறக்கும் ஒரு ஷோர்ட்கட். "அக்கா, ஒரு தரம் அடிச்சால் போதும், பிறகு கேட்காது." சோதிப்பதற்கு முதலில் நோட்பேடை வைத்தான். ஒரு தரம் அடித்தேன், அடுத்த முறை கேட்காமலே திறந்தது. அதில் 'ஓபன்' கொடுத்தால் மறுபடியும் என் ஃபோல்டர்கள். ஷோர்ட்கட்டில் நோட்பேட் என்று இருக்கும் இடத்தில் வேறு எந்தப் புரோகிராமின் பெயரை எழுதினாலும் அதுவும் என் பெயரில் திறக்கும், பக்கத்தில் நான் நிற்கவே தேவையில்லை. இத்தனைக்கும் ரயில் விளையாட்டை அதில் வைத்தபோது, கூடுதல் அனுமதி வேண்டும் என்று சொல்லித் திறக்க மறுத்தது. நிர்வாகியின் பெயரில் திறந்தாலும் இந்த வழியில் குறைத்த அனுமதிதான் கிடைக்கிறதாம். தம்பியே அதை நீக்கி, மகனின் கணக்கில் சேமிப்பாகியிருந்த பாஸ்வேர்டையும் அழித்துவிட்டுத்தான் போனான்.

சரி, இப்போது நான் வைத்திருக்கும் வழி. விளையாட்டு ஏன் நிர்வாகியைக் கேட்கிறது என்பதில்தான் இது தொடங்குகிறது. மைன்கிராஃப்ட், ரோப்லொக்ஸ் போன்றவை பயனரின் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே எழுதிக்கொள்வதால் விளையாடும்போது இப்படிக் கேட்பதில்லை. பழைய விளையாட்டுகள் பல தங்கள் அமைப்புகளைத் தாங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதும். அது 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்றால், சாதாரணக் கணக்கால் அங்கே வாசிக்க முடியும், எழுத முடியாது. ஆகவே பிள்ளைக்கு அதிகாரம் கொடுப்பதை விட்டுவிட்டு, விளையாட்டை அவன் எழுதக்கூடிய இடத்துக்கு மாற்றினேன்.

சி டிரைவில், எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல் நேரடியாக, 'கேம்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் செய்தேன். அங்கே செய்யும் புதிய ஃபோல்டரில், கம்ப்யூட்டரில் கணக்கு உள்ள எல்லோருக்கும் மாற்றும் அனுமதி வழக்கமாகத் தானாகவே வந்துவிடும். விளையாட்டை அகற்றி, அந்த ஃபோல்டரைக் காட்டித் திரும்ப நிறுவினேன். அதற்கு மட்டும் பாஸ்வேர்ட் அடித்தேன். ஃபோல்டரின் 'புரொப்பர்ட்டீஸ்' போய் 'செக்யூரிட்டி' பக்கத்தில் 'ஓதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்பதற்கு 'மொடிஃபை' இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் பிள்ளையின் கணக்கைச் சேர்த்து அதை மட்டும் கொடுங்கள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' முழுவதற்கும் எழுதும் அனுமதி கொடுக்கவே கூடாது.

இதற்குப் பிறகும் அந்தப் பெட்டி வந்தது. காரணம் தேடினால், விளையாட்டின் 'புரொப்பர்ட்டீஸ்' போனால் வரும் 'கொம்பாட்டிபிலிட்டி' பக்கத்தில் நிர்வாகியாக ஓட்டு என்ற கட்டத்தில் சரி அடையாளம் இருந்தது. அதை எடுத்ததும் ரயில் அமைதியாகத் திறந்தது.

அவனிடம் இருக்கும் இன்னொரு பழைய விளையாட்டில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. கேட்கும்படி அந்தப் புரோகிராமுக்குள்ளேயே எழுதியிருக்கிறார்கள். அதற்கு இரண்டு வரி பேட்ச் ஃபைல் ஒன்று, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய சிறு கோப்பு, எழுதினோம். முதல் வரி 'கம்பாட் லேயர்' என்ற விண்டோஸ் அமைப்பை 'ரன் ஆஸ் இன்வோக்கர்' ஆக்கும், இரண்டாவது வரி விளையாட்டைத் திறக்கும். திறப்பவருக்கு என்ன அனுமதி உண்டோ அதோடேயே ஓடு என்பதுதான் அதன் பொருள். அது புதிதாக எந்த அதிகாரத்தையும் கொடுப்பதில்லை. உண்மையிலேயே நிர்வாகி தேவைப்படும் விளையாட்டு இப்படித் திறந்தாலும் உள்ளே போய் எங்கேயாவது தடுக்கி நிற்கும். எங்களுடையது நிற்கவில்லை.

இந்த வழியிலும் ஒரு கவனம் வேண்டும். அந்த ஃபோல்டரில் பிள்ளை எழுதலாம் என்றால், அவன் கணக்கில் ஓடும் எந்தக் கெட்ட புரோகிராமும் அங்கே எழுதலாம். அதனால் 'கேம்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் எதையும் நான் நிர்வாகியாகத் திறப்பதில்லை. மற்றபடி பராமரிப்பு என்று எதுவும் வரவில்லை.

நான் பார்த்தது தனியாக விளையாடும் இரண்டு பழைய விளையாட்டுகளை மட்டும்தான். விளையாட்டில் கள்ளம் செய்வதைத் தடுக்கும் புரோகிராமோடு வரும் இணைய விளையாட்டுகள் எங்கள் வீட்டில் இல்லை. அந்தத் தடுப்புப் புரோகிராம்களில் பல விண்டோஸின் ஆழத்திலேயே போய் உட்காருபவை, நான் சொன்னதை அந்த விளையாட்டுகளுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்பதும் வேறு விடயம், அதற்கு மைக்ரோசொஃப்ட்டின் ஃபேமிலி சேஃப்ட்டி போதுமாக இருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை மிச்சம் இருந்தது. மூன்று மாதமாக அவன் போட்ட பாதைகள் எல்லாம் என் டொகியுமென்ட்ஸில் கிடந்தன. புதிய இடத்தில் திறந்ததும் ஒன்றையும் காணோம் என்று அவன் முகம் வாடிவிட்டது. ஒரு பின்னேரம் முழுவதும் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவனுடைய ஃபோல்டருக்குப் பிரதி எடுத்தோம். இப்போது 'லோட்' அழுத்தினால் அவனுடைய பாதைகள் மட்டும்தான் தெரிகின்றன. தண்டவாளம் பாணந்துறைக்குப் போய்விட்டது.