கொப்புளம் வந்தால் நல்லது என்று சொல்லி விற்கும் மூட்டுவலித் தைலம்: எச்சரிக்கை

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் எலும்புத் தேய்மானம். உள்ளூர் கேபிள் சேனலில் காலை வேளையில் ஓடும் விளம்பரத்தைப் பார்த்து, திரையில் வந்த எண்ணுக்கு அவரே பேசி ஒரு தைலம் வரவழைத்தார். 100 மில்லி பாட்டில் 1,950 ரூபாய். கூரியர்காரரிடம் பணத்தை எண்ணி வைத்த பிறகுதான் பெட்டியே கைக்கு வந்தது.

தடவியதும் சூடு ஏறி வலி மரத்தது. இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அதுதான். மூடியைத் திறந்தால் ஊட்டியில் விற்கும் வின்டர்கிரீன் தைலத்தின் நெடி, அதாவது மெத்தில் சாலிசிலேட். கொஞ்ச நேரம் இதமாகத்தான் இருக்கும். தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளர்ந்துவிடாது.

வலி திரும்பியது. வைத்தியர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அழைத்தார். தைலத்தைப் பூசி, பாலித்தீன் தாளைச் சுற்றி, அதன்மேல் வெந்நீர்ப் பையை வைக்கச் சொன்னார். மறுநாள் முழங்காலைச் சுற்றித் தோல் சிவந்து, நீர் கோத்த கொப்புளங்கள். பதறிப்போய் நான் பேசினேன். "நல்லதுதான் சார், உள்ளே தங்கிய கெட்ட வாயு வெளியேறுகிறது. நிறுத்திவிடாதீர்கள், இரண்டாவது கோர்ஸ் அனுப்புகிறேன்" என்றார். வயதானவரின் வெந்த காலைக் காரணம் காட்டி அடுத்த பாட்டிலுக்குக் காசு கேட்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர் பார்த்தவுடன், மருந்தும் சூடும் சேர்ந்து ஏற்படுத்திய காயம் என்றார். "ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாரா?" என்று அடுத்துக் கேட்டார். நல்லவேளை, இல்லை. மெத்தில் சாலிசிலேட் தோல் வழியே உடம்புக்குள் போய் வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டி, ரத்தக்கசிவு வரை கொண்டுபோகக்கூடும். செயற்கை இதய வால்வு பொருத்தி வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்தால் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

மேற்பூச்சே வீண் என்று சொல்லவில்லை. புண் ஆறிய பின் எலும்பு மருத்துவர் எழுதிக்கொடுத்த டைக்ளோஃபினாக் ஜெல் அம்மாவுக்கு ஓரளவு கைகொடுக்கிறது. முழங்கால், கைவிரல் போலத் தோலுக்கு அருகில் உள்ள மூட்டுகளுக்குத்தான் அது ஏற்றது. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே எட்டாது. தொடைத் தசைக்கான பயிற்சியையும் விடாமல் செய்யச் சொல்லியிருக்கிறார். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ளவர்கள் தைலத்தை நம்பி மாத்திரையை நிறுத்தினால் மூட்டே கோணிப்போகக்கூடும்.

சித்த வைத்தியத்தின் மேலும் எனக்குக் குறையில்லை. முறையாகத் தயாரித்த சித்த, ஆயுர்வேதத் தைலங்களில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், சேர்மானப் பட்டியல் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். எங்களுக்கு வந்த பாட்டிலில் ஒரு முனிவர் படமும் ஒரு கைபேசி எண்ணும்தான் இருந்தன. வாத நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். இப்படிப்பட்ட பாட்டில் உங்கள் வீட்டிலும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள்; கூரியர் ரசீதோடு பத்திரப்படுத்தி, நீங்களும் புகார் கொடுங்கள்.