வெள்ளெழுத்துக்கு எது: ரெடிமேடா, பைஃபோக்கலா, புரோகிரசிவா?

கும்பகோணத்தில் இருக்கும் மாமாவுக்கு 52 வயது. தூரத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பஞ்சாங்கத்தைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்துப் படிப்பார். கண் பரிசோதனைச் சீட்டில் ‘ஆட் +1.75’ என்றிருந்ததைப் பார்த்து, கடைத்தெருவில் அதே பவரில் ரெடிமேட் படிக்கும் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தார். இப்போது மூக்குக்குக் கிட்டே வைத்தால்தான் எழுத்து தெரிகிறது. “கண்ணாடியே சரியில்லைடா” என்றார்.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். தூரத்துக்கு இரண்டு கண்ணிலும் -1.00. ‘ஆட்’ என்பது அதோடு கூட்ட வேண்டியது. கூட்டினால் +0.75, அவருக்குப் படிக்கத் தேவையே அவ்வளவுதான். பவரை டயாப்டரில் சொல்வார்கள். 1-ஐ டயாப்டரால் வகுத்தால் தூரம் மீட்டரில் வரும். மாமாவின் வெறும் கண்ணுக்கு 1 மீட்டர் வரைதான் தெளிவு. அதாவது அந்தக் கண்ணிலேயே 1.00 பவர் கூடுதலாக இருக்கிறது. அதன் மேல் +1.75 ஏற்றினால் மொத்தம் 2.75; 1/2.75, அதாவது 36 செ.மீ.க்கு அப்பால் மங்கல். +0.75 என்றால் மொத்தம் 1.75, 57 செ.மீ. வரை தெரியும்.

ரெடிமேடில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான், சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததைச் சரிசெய்வது) கிடையாது. தூரத்துக்குப் பவரே இல்லாதவருக்கு அது போதும், விலையும் குறைவு. ‘ஆட்’ எண்ணைப் பார்த்து வாங்கினால் மாமாவுக்கு ஆகாது.

பைஃபோக்கலில் மேலே தூரம், கீழே படிப்பு. கோடு தெரியும் என்பது பெரிய குறையில்லை. இடைத்தூரம் இல்லாததுதான் குறை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்குக் கழுத்து வலிக்கும். புரோகிரசிவில் பவர் படிப்படியாக மாறுவதால் இடைத்தூரமும் கிடைக்கும். ஆனால் ஓரங்களில் உருவம் நெளியும், பழக நாளாகும். கருவிழி எந்த உயரத்தில் வருகிறது என்று ஃபிரேமை மாட்டிவிட்டு அளக்காத கடையில் புரோகிரசிவ் போட வேண்டாம், காசுதான் தண்டம்.

சரி, மாமாவுக்கு எது? அவர் காவிரியில் தண்ணீர் வந்துவிட்டால் தினமும் விடியலில் படித்துறையில் குளிக்கிறவர். அப்புறம் வயல் வரப்பு வேறு. இந்த இரண்டு கண்ணாடியிலும் குனிந்து பார்த்தால் பார்வை கீழ்ப்பகுதி வழியாகத்தான் போகும். அது 57 செ.மீ.க்கானது; பாசி படிந்த படியோ ஒன்றரை மீட்டர் கீழே இருக்கிறது. அதனால் நான் சொன்னது இரண்டு தனிக் கண்ணாடிகள்: நடக்க -1.00, படிக்க +0.75.

இரண்டையும் செய்துகொண்டார். படிக்கிற கண்ணாடியை எங்கே வைத்தார் என்று தேடும்போதெல்லாம் அத்தை என்னைத்தான் திட்டுகிறார்.