வால்-ஓ-மாட்: விழுக்காட்டுக்குப் பின்னால் இருக்கும் காரணங்கள்

ஜெர்மனியில் தேர்தல் நெருங்கும்போது இணையத்தில் திறக்கப்படும் வால்-ஓ-மாட் என்ற சேவையை, அரசியல் கல்விக்கான அந்நாட்டின் கூட்டாட்சி மையம் 2002 முதல் இலவசமாக நடத்திவருகிறது. நெதர்லாந்தில் 1989இல் தொடங்கிய ஒரு முயற்சியே இதற்கு முன்மாதிரி. திரையில் வரும் 38 கூற்றுகளுக்கு உடன்பாடு, நடுநிலை, மறுப்பு என்று பதிலளிக்கலாம். விரும்பாததைத் தாண்டிச் செல்லலாம். முடிவில், ஒவ்வொரு கட்சியோடும் நம் கருத்து எத்தனை விழுக்காடு ஒத்துப்போகிறது என்பது தெரியவருகிறது.

தலைவரின் முகமும் மேடைப்பேச்சின் வேகமும் பரம்பரையாக வந்த கட்சிப் பற்றும் உள்ளே நுழையாமல், கொள்கையை மட்டும் நம் முன் வைத்து யோசிக்கச் சொல்வதே இச்சேவையின் பெரும் சிறப்பு. கட்சிகளின் நிலைப்பாட்டை வேறு யாரோ ஊகித்து எழுதுவதில்லை. கட்சிகளே பதிலளித்து, அதற்கான காரணத்தையும் சுருக்கமாக எழுதித் தருகின்றன. வாக்குக் கேட்டு வருபவர்களை, கூற்றுக்குக் கூற்று, எழுத்தில் காரணம் சொல்ல வைப்பதை மக்களாட்சிக்குச் செய்யும் உண்மையான தொண்டு என்றே கருதுகிறேன்.

குறை கணக்கிடும் முறையில் இருக்கிறது. கருத்து முழுமையாக ஒத்தால் இரண்டு புள்ளி, ஒருபக்கம் நடுநிலையாக இருந்தால் ஒரு புள்ளி, நேர் எதிரானால் சுழியம். அப்படியானால் எல்லாக் கூற்றுகளுக்கும் நடுநிலை என்று பதிலளிக்கும் கட்சி, எந்த வாக்காளரிடமும் ஐம்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது. தயங்குபவர், தெரியாதவர், இருபக்க நியாயத்தையும் எடைபோட்டவர் ஆகிய மூவரையும் அந்த ஒரே பொத்தான் ஒன்றாக்கிவிடுகிறது. வரியைக் குறைக்கவும் செலவைக் கூட்டவும் ஒருவரே உடன்பட்டாலும், இரண்டும் எப்படிச் சேர்ந்து நடக்கும் என்று சேவை அவரைக் கேட்பதில்லை. முக்கியமான கூற்றுக்கு இருமடங்கு மதிப்புத் தரும் வசதியும் இந்த முரணைத் தீர்க்காது. அரசியலில் பகுத்தறிவுக்கு மிகுந்த வேலை இருப்பதோ, ஒன்றைப் பெற எதை விட்டுக்கொடுப்பது என்ற இந்த இடத்தில்தான்.

ஒரே நேரத்தில் எட்டுக் கட்சிகளை மட்டுமே ஒப்பிட முடியும் என்ற பழைய கட்டுப்பாட்டை எதிர்த்து வோல்ட் என்ற சிறிய கட்சி வழக்குத் தொடுத்ததால், 2019 மே மாதம், ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில நாள்களுக்கு முன், கொலோன் நிர்வாக நீதிமன்றம் அந்த வடிவில் இச்சேவையை நடத்தத் தடை விதித்தது. இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்பட்டபின் சேவை திரும்பியது. இப்போது எல்லாக் கட்சிகளையும் ஒப்பிடலாம்.

முடிவை வாக்களிக்கும் பரிந்துரையாகக் கொள்ளக் கூடாது என்று மையமே அறிவுறுத்துகிறது. ஆயினும் பெரிதாகக் கண்ணில் படுவது விழுக்காடு. கட்சிகளின் காரணங்களோ அதற்கு அடுத்த பக்கங்களில் இருக்கின்றன. பயன்படுத்துவோர் அங்கே சென்று, பட்டியலின் அடியில் நிற்கும் கட்சி சொல்லும் காரணங்களையும் படித்துவிட்டு, தம் பதில்களில் எவற்றை மாற்றுவோம் என்று பார்க்க வேண்டும். பெயரை மறைத்து அந்தக் காரணங்களை முதலில் காட்டிவிட்டு, விழுக்காட்டை அதன்பின் வெளியிடும் வகையில் மையம் இதைத் திருத்தியமைத்தால் தயங்காமல் முழு மதிப்பெண் தருவேன்.