‘5 வோல்ட் சப்போர்ட்’ என்று விற்கிற இசட்80 போர்டுகள்: ஏமாந்துவிடாதீர்கள்

பழைய 5 வோல்ட் கணினியோடு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு இணைக்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இசட்80 என்ற பழைய 8-பிட் பிராசஸரில் ஓடும் என் கணினிக்கு எஸ்டி கார்டு வசதி வேண்டும் என்று ஆன்லைனில் ஒரு போர்டு வாங்கினேன். ராஸ்பெரி பையின் ஆர்பி2040 மைக்ரோகன்ட்ரோலர் சிப் உள்ள பிகோ மாட்யூல் அதில் இருந்தது. “5 வோல்ட் சப்போர்ட், வேறு எதுவும் தேவையில்லை” என்று போட்டிருந்தார்கள். மாட்யூல் பொருத்துவதற்கு முன் எடுத்த படத்தில் இரண்டு 74எல்விசி245 பஃபர் சிப்புகளும் (கணினிக்கும் பிகோவுக்கும் நடுவே நின்று சிக்னலைக் கடத்துபவை) இருந்தன.

முதலில் ஒழுங்காகத்தான் ஓடியது. சில வாரங்களில் கோப்புகள் கெட ஆரம்பித்தன. 255 எழுதினால் 247 திரும்பி வந்தது, அதாவது எட்டு டேட்டா லைன்களில் 8 என்ற மதிப்பைச் சுமக்கும் டி3 லைன் எப்போதும் பூஜ்யத்திலேயே நின்றது. மாட்யூலைக் கழற்றிப் பார்த்தால், பஃபர் சிப்புகளே இல்லை! அவை உட்கார வேண்டிய பேடுகளுக்குக் குறுக்கே மெல்லிய கம்பிகளை வைத்து சால்டர் அடித்திருக்கிறார்கள்.

விற்றவரைக் கேட்டேன். “இசட்80க்கு 3.3 வோல்ட்டே போதும்” என்றார். இது பாதி உண்மை, அதனால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள். பிகோ அனுப்பும் 3.3 வோல்ட்டை இசட்80 ஏற்றுக்கொள்ளும். 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருந்தாலே அதற்கு ‘ஒன்று’தான். சிக்கல் எதிர்த்திசையில். என்னுடையது சிமாஸ் (CMOS) வகை இசட்80, அது 5 வோல்ட்டை ஒட்டியே வெளியே தள்ளும். ஆர்பி2040 பின்னுக்கு டேட்டாஷீட் தரும் உச்சவரம்பு, அதன் 3.3 வோல்ட் சப்ளையோடு 0.5 சேர்த்து 3.8தான். 74எல்விசி245 இருந்திருந்தால் 3.3 வோல்ட்டில் ஓடிக்கொண்டே அந்த 5 வோல்ட்டைத் தாங்கியிருக்கும்.

மறுபடி கேட்டதும், “5 வோல்ட் என்றது பவர் சப்ளையைத்தான்” என்று மாற்றிப் பேசினார். யுஎஸ்பி மூலம் 5 வோல்ட் வாங்கும் எந்தப் போர்டையும் இப்படிச் சொல்லி விற்கலாமே! திருப்பி அனுப்பும் கெடு முடிந்ததால் பணமும் வரவில்லை. அதே படத்தோடு இன்னும் விற்கிறார்கள்.

வாங்குமுன் விற்பவரிடம் “ஐ/ஓ பின்கள் 5 வோல்ட் தாங்குமா, எந்த பஃபர் சிப்?” என்று எழுத்தில் கேளுங்கள். மாட்யூலுக்கு அடியில் எடுத்த படமும் கேளுங்கள். அப்புறம், நான்கு லைன் உள்ள பிஎஸ்எஸ்138 லெவல் ஷிஃப்டரை (சிக்னலின் வோல்ட்டேஜை மாற்றித் தரும் சின்னப் போர்டு) “இது போதும்” என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது ஐ2சி மாதிரி மெதுவான வேலைக்குச் சரி, சிக்னலை மேலே இழுக்கும் 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டரை நம்பி மெல்ல ஏறும் சிக்னல் இசட்80 பஸ்ஸுக்கு ஈடுகொடுக்காது.