தண்ணீர் போகிற வழி: பழைய எம்எக்ஸ்-5 உடன் ஆறு வருஷம்

போன வாரம்தான் வண்டி பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடுகிற சில் பேனல் இரண்டு பக்கமும் அழுகிப் போயிருந்தது. பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். வண்டி வந்த அன்றே நண்பன் ஒரு போட்டோ அனுப்பினான். சிவப்பு நிறம், எழும்பி நிற்கும் முகப்பு விளக்குகள், என்னுடையதைப் போலவே முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, துணிக் கூரையை மடித்துத் திறக்கிற இருவர் கார். "விற்பனைக்கு வந்திருக்குடா. நீ ஆறு வருஷமா வெச்சிருக்க. வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவு நீண்டுவிட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கோபத்தில் விட்டுப் போகும். என்னுடையது 1991 வண்டி, 1.6 லிட்டர் என்ஜின், சுமார் 115 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அது பெரிய சக்தி இல்லை. ஆனால் வண்டியின் மொத்த எடையே ஒரு டன்னுக்குக் குறைவு. கியர் லிவர் கையளவு உயரம்தான், மணிக்கட்டைத் திருப்பினால் போதும், 'டக்' என்று அடுத்த கியர் விழும். அந்த ஒரு 'டக்'குக்காகவே தேவையில்லாத இடத்திலும் கியர் மாற்றியிருக்கிறேன். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி யோசிப்பதே இல்லை, இடுப்பைத் திருப்புவது போலத் திரும்பிவிடும். டயரில் மட்டும் காற்று 26 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது. மற்ற கார்களுக்கு அடிக்கிற அளவில் அடித்துவிட்டால் இந்தச் சுகம் பாதி போய்விடும்.

1989இல் சிகாகோ கண்காட்சியில் இது வந்தபோது, லோட்டஸ் எலான் போன்ற 1960களின் ஆங்கிலேய இருவர் வண்டிகளைப் பார்த்து ஏங்கியவர்களுக்காகவே வந்தது என்று பேசினார்கள். அந்தச் சாயல் இப்போதும் அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு விரலை நுழைத்து இழுக்கிற மெல்லிய குரோம் கைப்பிடி, டேஷ்போர்டில் உருண்டை உருண்டையாக ஏசி காற்றுத் துவாரங்கள். என்ஜினைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது. சில என்ஜின்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் உள்ளே வால்வு வளைந்து என்ஜினே கெட்டுவிடும்; இந்த 1.6இல் அது வளையாது என்பதால் அந்தப் பயமும் இல்லை. ஆறு வருஷத்தில் அது என்னை ஒருமுறைகூட நடுவழியில் நிறுத்தியதில்லை.

சரி, இப்போது தண்ணீர்.

மூன்றாவது வருஷம் இருக்கும். ராத்திரி முழுக்க மழை. காலையில் வண்டியை எடுத்து முதல் வளைவில் திரும்பினேன், முழங்கைக்குக் கீழே எங்கோ 'சளக்' என்றது. சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் உருளுகிறது என்று நினைத்தேன். நிறுத்தித் தேடினேன், எதுவும் இல்லை. அடுத்த வளைவில் மறுபடியும் 'சளக்'. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சில்லின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போனார். மூன்று தட்டு 'டங், டங், டங்' என்றது. நான்காவது, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், சத்தமே எழவில்லை. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி முனையை வைத்து அழுத்தினார். காகிதத்துக்குள் போவது போல உள்ளே போயிற்று. வெளியே எடுத்ததும் பழுப்பு நிறத் தண்ணீர் அவர் முழங்கை வரை வழிந்தது. அடுத்து விழுந்தவை தகடு இல்லை, பட்டித் துண்டுகள். துருவின் மேல் பட்டி அப்பி, அதன் மேல் கறுப்பாக அண்டர்கோட்டிங் என்கிற அடிப்பாகப் பூச்சு அடித்து எனக்கு விற்றிருக்கிறார் அந்தப் பழைய உரிமையாளர். அன்று வேறு வழியில்லாமல் ஒட்டுத் தகடு வைத்து ஓட்டினேன். இப்போதுதான் முறையாக வெட்டிப் பொருத்த முடிந்தது.

இது ஏன் நடக்கிறது என்பதை நண்பன் புரிந்துகொள்ள வேண்டும். துணிக் கூரையின் மேல் விழுகிற மழை பின்பக்கம் வழிந்து, கூரை உடம்போடு சேர்கிற இடத்தில் உள்ள ஒரு வாய்க்காலில் சேரும். அங்கிருந்து சீட்டுகளுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் இருக்கிற ஓட்டைகள் வழியாகக் குழாயில் இறங்கி, வண்டிக்கு அடியில் வெளியேற வேண்டும். வழி சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓட்டை ஒரு விரல் அளவுதான். இலைச்சருகும் தூசியும் கூரைத் துணியின் நூலும் சேர்ந்து நாலு வருஷத்தில் அடைத்துவிடும். போக வழி இல்லாத தண்ணீர் கார்ப்பெட்டிலும் சில்லுக்குள்ளும் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சாதாரணக் காரில் சில் துருப்பிடித்தால் அது ஒரு செலவு, அவ்வளவுதான். இரும்புக் கூரை இல்லாத வண்டியில் உடம்பு வளையாமல் தாங்குவதில் பெரும் பங்கு அந்தச் சில்லுக்குத்தான். அது போனால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி.

விற்றவர் என்னிடம் பெருமையாகக் காட்டியது புதுக் கார்ப்பெட். "போன மாசம்தான் மாத்தினேன், பாருங்க" என்றார். நானும் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இத்தனை வருஷம் ஆன வண்டியில் கார்ப்பெட்டை மட்டும் ஏன் மாற்றினார் என்று கேட்கத் தோன்றவில்லை. பழையது ஊறி நாறியிருக்கும், அதனால்தான். அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பட்டி அப்பத் தெரிந்தவருக்கு ஓட்டையைக் குத்திவிடத் தெரியாதா? ஆனால் நியாயமாகச் சொன்னால், முதல் இரண்டு வருஷம் அப்படி ஓட்டைகள் இருக்கின்றன என்பதே எனக்குத் தெரியாது. மரத்தடியில்தான் நிறுத்திக்கொண்டிருந்தேன். அழுகலில் ஒரு பங்கு என்னுடையது.

அதனால், பார்க்கப் போகிறவன் என்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்காமல் முதலில் இதைச் செய்ய வேண்டும். கூரையைப் பாதி தூக்கி, சீட்டுக்குப் பின்னால் ஓரத்துக் கார்ப்பெட்டை விலக்கினால் ஓட்டை தெரியும். ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்று. பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் உடனே கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ மேலேயே தேங்கினாலோ அந்தச் சில்லைத் தட்டிப் பார்க்காமல் விலை பேசாதே. அடைப்பு எடுக்கக் கம்பி விடக் கூடாது, குழாய் கிழிந்துவிடும். புல் வெட்டும் இயந்திரத்தில் போடுகிற தடித்த நைலான் நரம்பு இருக்கிறதே, அதை நுனியை மழுக்கிவிட்டு மெல்ல விட வேண்டும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், குழாய் கழன்றுவிடும். நான் இப்போது மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மறக்காமல் செய்கிறேன். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தை முன்பு யாரோ செய்திருந்தால் இந்த வெல்டிங்கே தேவைப்பட்டிருக்காது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் அடுத்தது. கூரையை இறக்குவதற்கு முன் அதன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைப் படுக்கவைக்க வேண்டும். அவசரத்தில் அப்படியே மடித்தால் மடிப்பு விழும், குளிர்நாளில் விரிசலே விடும். வெயிலில் மங்கியும் போகும். நான் கூரையை ஒருமுறை மாற்றிவிட்டேன். மாஸ்டாவே இந்தத் தலைமுறைக்கான சில உதிரி பாகங்களையும் கூரையையும் மறுபடி தயாரிக்கப்போவதாக 2017இல் அறிவித்தது, அது பெரிய ஆறுதல்.

ஜிப்பைத் திறந்து, மேலே இருக்கிற இரண்டு கொக்கிகளையும் விடுவித்து, உட்கார்ந்தபடியே ஒரு கையால் கூரையைப் பின்னால் தள்ளினால் முடிந்தது. மோட்டார் கிடையாது, காத்திருக்கவும் வேண்டாம். வெல்டிங் முடிந்து வந்த பிறகு நேற்று சாயங்காலம்தான் முதல்முறையாக அப்படித் திறந்து ஓட்டினேன். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங்கிலும் கண்ணாடியிலும் வழக்கமாக ஓடுகிற அந்த நடுக்கம் பெரிதும் குறைந்திருந்தது. இத்தனை வருஷம் அதை வண்டியின் வயசு என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்தேன். அழுகிய சில்லின் நடுக்கம் அது.

நண்பனுக்கு "வாங்காதே" என்றுதான் எழுதினேன். பட்டறைக் கணக்கு இன்னும் மேஜை மேலேயே கிடக்கிறது, இன்றைக்கு வேறு பதில் என் வாயில் வராது. அனுப்பிக் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தியும் போட்டேன்: பார்க்கப் போகிற அன்றைக்குச் சொல்லு, நைலான் நரம்பும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.