பெண் புகைப்படக் கலைஞர்களைத் தேடுவோருக்கு: லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இணையப் படத்தொகுப்பு

வாஷிங்டனிலுள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், தன் புகைப்படச் சேகரிப்பின் ஒரு பகுதியை எவரும் பதிவு செய்யாமலும் கட்டணம் செலுத்தாமலும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. பெண் புகைப்படக் கலைஞர்களின் உழைப்பை அருகிருந்து பார்க்க விரும்புவோருக்கு இதைவிடச் சிறந்த சேவையை நான் கண்டதில்லை.

டோரோதியா லாங் 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிப்போர் முகாமில் பிழைப்பின்றித் தவித்த ஒரு தாயை எடுத்த படத்தைப் பாடநூல்களில் பலரும் பார்த்திருப்பார்கள். இங்கே அதன் மூல நெகட்டிவிலிருந்து எடுத்த பெரிய, தரம் குறையாத டிஃப் (TIFF) படக்கோப்பே கிடைக்கிறது. கூடாரக் கம்பைப் பற்றியிருந்த ஒரு கட்டைவிரல் அந்த நெகட்டிவின் வலது கீழ் மூலையில் பின்னாளில் டச்சப் செய்து மறைக்கப்பட்டது. மறைப்பதற்கு முன் போட்ட பிரிண்டும் தொகுப்பில் இருப்பதால், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். படமெடுத்த காலத்தில் லாங் எழுதிய குறிப்பில் அந்தத் தாயின் பெயர் இல்லை. ஃப்ளாரன்ஸ் தாம்ப்சன் என்ற பெயரை நூலகம் தன் விவரக்குறிப்பில் சேர்த்திருப்பது பாராட்டத்தக்கது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ஃபிரான்சிஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன். 1896ஆம் ஆண்டு வாக்கில் அவர் தம்மையே எடுத்துக்கொண்ட படத்தில், ஒரு கையில் சிகரெட்டும் மறு கையில் பீர்க் குவளையுமாக, உள்பாவாடை தெரியக் கால்மேல் கால் போட்டுக் கணப்பின் முன் அமர்ந்திருக்கிறார். ஒரு பெண் எப்படி உட்கார வேண்டும் என்று அக்காலம் வகுத்த விதிகள் அத்தனையையும் ஒரே படத்தில் மீறிய அந்தத் துணிச்சல் இன்றும் வியக்க வைக்கிறது. வாஷிங்டனின் வில்லர்ட் ஓட்டலைப் புதுப்பித்த காலத்தில் ஜான்ஸ்டனின் பழைய படங்களைக் கண்டு ஊக்கம் பெற்ற கேரல் ஹைஸ்மித், அமெரிக்கா முழுவதும் தாம் எடுக்கும் படங்களை இதே நூலகத்துக்கு உரிமைக் கட்டுப்பாடின்றி வழங்கி வருகிறார். ஒருவர் விட்டுச் சென்ற பணியை இன்னொருவர் தொடர்வதை இரு தொகுப்புகளையும் மாறி மாறிப் பார்க்கும்போது நன்றாக உணர முடிகிறது.

தேடும் வசதிதான் இதன் பெருங்குறை. 'பெண் புகைப்படக் கலைஞர்கள்' என்று ஆங்கிலத்தில் தேடினால், பெண்கள் எடுத்த படங்களோடு கேமராவை ஏந்திய பெண்களின் படங்களும் கலந்து வருகின்றன; எனவே மரியன் போஸ்ட் வோல்காட், எஸ்தர் பப்லி, டோனி ஃபிரிசெல் என்று ஒவ்வொரு பெயராகத் தேடுவதே நல்லது. காப்புரிமை ஐயமுள்ள சில படங்கள் நூலகத்துக்கு வெளியே சிறு அளவில் மட்டுமே தெரியும். பதிவிறக்கிப் பயன்படுத்த நினைப்பவர்கள் ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள உரிமைக் குறிப்பை முதலில் படித்துவிட வேண்டும்.