கஸ்டமர் கேர் நம்பரை ஏஐயிடம் கேட்டேன், 86,498 ரூபாய் போனது

திருச்சியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் விடாமல் தேடிக் கண்டுபிடிக்கிற வேலை. வீட்டில் அத்தைக்கு "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க" என்று வகுப்பெடுப்பதும் நான்தான். அதனால் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். நான் விழுந்த குழி எல்லார் வீட்டு வாசலிலும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. சின்னத் திரையில் ஏதோ ஒரு குறியீடு விட்டு விட்டு மின்னியது. கை ஈரம். போனைத் தொடாமலேயே அதிலிருக்கும் ஏஐ உதவியாளரிடம் குரலில் கேட்டேன்: இந்தக் கம்பெனியின் திருச்சி சர்வீஸ் சென்டர் நம்பர் என்ன? அது தயங்கவே இல்லை. நம்பர், வேலை நேரம், "ஞாயிறும் இயங்கும்" என்று அழகான தமிழில் சொல்லி, "அழைக்கட்டுமா?" என்றும் கேட்டது. சரி என்றேன்.

முன்பெல்லாம் நெட்டில் தேடினால் பத்து லிங்க் வரும். எது கம்பெனி சைட், எது டுபாக்கூர் என்று பார்க்கும்போதே கொஞ்சம் சந்தேகம் வரும். இப்போது ஒரே ஒரு பதில், அதுவும் படித்த பிள்ளை சொல்வதுபோல் சொல்கிறது. எங்கிருந்து எடுத்தது என்று பார்க்கும் பழக்கமே எனக்குப் போய்விட்டிருந்தது.

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்கள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எந்த நிஜக் கஸ்டமர் கேர் இரண்டாவது ரிங்கில் எடுத்திருக்கிறது? ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பாட்டுக் கேள் என்று பத்து நிமிஷம் ஆகும். இந்த ஆள் நல்ல தமிழில், நிதானமாகப் பேசினார். திரையில் என்ன வருகிறது என்று கேட்டுவிட்டு, "தண்ணி உள்ள போகல மேடம், அதான் அந்தக் கோட்" என்றார். அது சரியான பதில். குறியீட்டுக்கு அர்த்தம் யார் வேண்டுமானாலும் நெட்டில் பார்த்துச் சொல்லலாம் என்று அப்போது தோன்றவில்லை. விஷயம் தெரிந்த ஆள் என்று நம்பிவிட்டேன்.

நாளை 11 மணிக்கு ஆள் வருவார், பதிவுக் கட்டணம் 10 ரூபாய், அவ்வளவுதான் என்றார். 10 ரூபாய்க்கு யார் யோசிப்பார்கள்? 1,000 கேட்டிருந்தால் நான் நூறு கேள்வி கேட்டிருப்பேன். வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது. படத்தில் கம்பெனி லோகோ, ஃபைல் பெயரில் கஸ்டமர் சப்போர்ட், கடைசியில் ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நேரடியாக நிறுவும் ஃபைல். நிறுவும்போது, இது தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப், ஆபத்தாக இருக்கலாம் என்று போனே சொன்னது. "அது எல்லா போன்லயும் வரும் மேடம், அலோ குடுங்க" என்றார். கொடுத்தேன். எஸ்எம்எஸ் படிக்கலாமா? அலோ. எஸ்எம்எஸ்ஸுக்கு இந்த ஆப்பையே வைத்துக்கொள்ளலாமா? அதற்கும் அலோ. பிறகு பெயர், விலாசம், 10 ரூபாய் கட்ட டெபிட் கார்டு எண், அதன் பின்பக்க மூன்று இலக்கம். "சர்வர் பிஸி" என்று வந்தது. "பரவால்ல மேடம், நாளைக்கு வர்ற பையன்கிட்ட குடுத்துடுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. பணம் கேட்காத மோசடிக்காரன் உண்டா என்ன!

நான் போய் மெஷினில் ஊறிக்கொண்டிருந்த துணியை எடுத்துக் கையால் அலசிக்கொண்டிருந்தேன். 10:44க்கு, சோப்பு நுரைக் கையோடு போனைப் பார்த்தால் வங்கியிலிருந்து இரண்டு மெயில். 10:31க்கு 24,999. 10:34க்கு 36,500. இரண்டுமே ஏதோ ஓர் ஆன்லைன் கடையில் கிஃப்ட் கார்டு. எஸ்எம்எஸ் பெட்டியில் ஒரு ஓடிபி கூட இல்லை. நான் யாருக்கும் எதையும் படித்துச் சொல்லவில்லை. ஓடிபி வருவதும் அதைப் படிப்பதும் எல்லாம் அந்த ஆப்பே பார்த்துக்கொண்டது. "ஓடிபியை யாருக்கும் சொல்லாதே" என்று நாம் மனப்பாடம் செய்து வைத்திருப்பது இந்த மாதிரி மோசடியில் ஒன்றுக்கும் உதவாது. சொல்ல வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை.

10:47க்கு, கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் வங்கி எண்ணுக்கு அழைத்தேன். ஏதோ சரிபார்க்கிறோம் என்று ஹோல்டில் போட்டார்கள். ஹோல்டில் இருக்கும்போதே 10:52க்கு மூன்றாவது மெயில், இன்னொரு 24,999. கார்டை முடக்கியது 10:55க்கு. "புகார் எண் உங்க மொபைலுக்கு அனுப்பிட்டோம் மேடம்" என்றார் அந்தப் பெண். வரவில்லை. அப்போதுதான் புரிந்தது, என் போனுக்கு வரும் எஸ்எம்எஸ் எதுவும் இனி என் கண்ணில் படாது என்று. போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு அத்தையின் பட்டன் போனை வாங்கினேன்.

1930. சைபர் நிதி மோசடிக்கு நாடு முழுக்க இதுதான் எண். இரண்டு தடவை பிஸி, மூன்றாவது தடவை கிடைத்தது. பணம் போன நேரம், தொகை, மெயிலில் இருந்த பரிவர்த்தனை எண் மூன்றையும் கேட்டார்கள். கையில் தயாராக வைத்துக்கொண்டு அழையுங்கள், நான் ஈரக் கையோடு தேடி நேரத்தை வீணாக்கினேன். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்தேன். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. என் விஷயத்தில் முதல் இரண்டு கிஃப்ட் கார்டும் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டன. 61,499 ரூபாய் போனது போனதுதான்.

மூன்றாவதில்தான் இப்போது வங்கியோடு சண்டை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியைச் சேர்ந்தது என்கிறது அது. வங்கிக்காரர்கள் 10:55தான் புகார் நேரம் என்கிறார்கள். என் கால் லாக் 10:47 என்கிறது. என்னை ஹோல்டில் போட்டது அவர்கள், அந்த எட்டு நிமிஷத்துக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? கிளையில் அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியதும் மேனேஜர் பேச்சை மாற்றினார். அவர்கள் எழுத்தில் தந்த பதில் திருப்தி இல்லாததால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனுக்கு ஆன்லைனில் புகார் கொடுத்திருக்கிறேன். கால் லாக்கை அழித்துவிடாதீர்கள்.

அப்புறம் ஏஐக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்து, வேறொரு போனில், அதே கேள்வியைக் கேட்டேன். வேறொரு நம்பர் தந்தது. நிச்சயமா என்றேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூன்றாவதாக ஒன்றைத் தந்தது, அதே பணிவோடு. மூன்றில் ஒன்றுகூடக் கம்பெனி எண் இல்லை. இது எப்படி நடக்கிறது என்று ஆபீசில் கணினி பார்க்கும் தம்பி விளக்கினார். மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணைக் கம்பெனிப் பெயரோடு சேர்த்துக் கேள்வி பதில் பக்கங்களிலும், கமென்ட்களிலும், யாரும் கவனிக்காத தளங்களில் ஏற்றிவிடும் பிடிஎஃப்களிலும் தூவி வைக்கிறார்கள். மேப்பில் இருக்கும் கடை எண்ணையே மாற்றச் சொல்லிப் பரிந்துரைப்பதும் உண்டு. ஏஐ அந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பார்ப்பதில்லை. நாலு இடத்தில் ஒரே எண் இருந்தால் எடுத்து நம் கையில் கொடுத்துவிடுகிறது.

இதற்கு யார் பொறுப்பு என்று தேடியபோது கனடா வழக்கு ஒன்றைப் படித்தேன். ஏர் கனடா விமான நிறுவனத்தின் சொந்த சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொல்லிவிட்டது. 2024 பிப்ரவரியில் அங்குள்ள தீர்ப்பாயம், சாட்பாட் சொன்னதற்குக் கம்பெனிதான் பொறுப்பு என்று சுமார் 800 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. அது கம்பெனியின் சொந்த பாட், கேட்க ஆள் இருந்தது. எனக்குத் தவறான எண் தந்ததோ ஊர்ப்பொதுவான உதவியாளர். கீழே பொடி எழுத்தில் "பதில்கள் தவறாக இருக்கலாம்" என்று போட்டிருக்கிறது. குரலில் கேட்டவளுக்கு அந்தப் பொடி எழுத்தை அது வாசித்துக் காட்டவில்லை.

ஆப்பை நீக்குவது மட்டும் போதாது என்று அந்தத் தம்பி சொன்னதால் போனையே ஃபேக்டரி ரீசெட் செய்தேன். பாஸ்வேர்டு எல்லாம் வேறு கருவியிலிருந்து மாற்றினேன். போட்டோக்கள் சில போயின.

மெஷின்? அது மூன்று நாள் அப்படியே நின்றது. அத்தைதான் துணி போடும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏம்மா, உள் விளிம்புல ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டியிருக்கே, அதுல இருக்கறது என்ன நம்பர்?" என்றார். மாடல் எண்ணுக்குக் கீழே, கம்பெனியின் கட்டணமில்லா எண். அழைத்தேன். பதினான்கு நிமிஷம் பாட்டுக் கேட்டேன், அவ்வளவு நிம்மதியாக இருந்தது. மறுநாள் வந்த பையன் பின்னால் போய்த் தண்ணீர்க் குழாயைக் கழற்றினான். எங்கள் போர் தண்ணீரின் உப்பும் மணலும் குழாய் வாயிலிருந்த சின்ன வலையை அடைத்திருந்தன. பழைய டூத்பிரஷ் ஒன்று கேட்டான். இரண்டு நிமிஷம் தேய்த்தான், தண்ணீர் பாய்ந்தது.

ஒம்புட்ஸ்மேனிடமிருந்து இன்னும் பதில் இல்லை. வந்ததும் எழுதுகிறேன்.